அண்டாவுக்கு மறுபுறம் நின்றவர்

முரளி,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று ஆரம்பித்தால் மண்டபத்துக்காரர் கூப்பிடுகிறார், சமையல்காரர் கூப்பிடுகிறார், நீயும் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கல்யாண வேலையில் இருக்கிறவனைக் கோபித்துக்கொள்ள முடியுமா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்த உனக்கு, வீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த தமிழ் இது. எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். ஆகட்டும். இதை மெதுவாகப் படிப்பதே நல்லது.

மண்டபத்தில் பெரிய திரையில் போடுவதற்காக நீ செய்த வீடியோவைப் பார்த்தேன். அதில் உன் தாத்தா படம் வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, கையில் நீளக் கரண்டி, முன்னால் ஆவி பறக்கும் அண்டா, முகம் முழுக்கச் சிரிப்பு. கீழே நீ எழுதியிருந்தாய்: "பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றிய எங்கள் தாத்தா." சித்தூரிலிருந்து உன் மாமியார் போன் பண்ணி, இப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் கொடுக்கிறோம் என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றார். நானும் "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நீ அந்தப் படத்தை நெட்டில் ஊரெல்லாம் பார்க்கும்படி போட்டபோது, அதன் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார். உன் சித்தி மகள் எனக்குக் காட்டினாள். "அண்டாவைப் புடிச்சிக்கினு இருக்கிற அந்தக் கை எங்க அம்மாவோடது. முழுப் படம் எங்க வீட்டில் இருக்குது." நீ அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாய். எத்தனையோ பேர் எழுதியதில் இதுவும் ஒன்று என்று நினைத்திருப்பாய். நான் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய படத்தை எடுத்தேன். அதில் தாத்தா தனியாக இல்லை. அண்டாவுக்கு மறுபுறம் ஒரு பெண் நிற்கிறார். புடவை முந்தானையைச் சுருட்டி அண்டாவின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். முகம் திரும்பியிருப்பதால் அழகாக இல்லை என்று நீ வெட்டியிருக்கலாம். அந்தப் பெண் யார் என்று நானும் உனக்குச் சொன்னதில்லையே.

அவர் பெயர் கங்கம்மா. எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஊருக்குள் வரும் சாலையும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு ரயில்வே கேட். அந்த கேட்டைத் திறந்து மூடுகிற வேலை அவருடைய வீட்டுக்காரருக்கு. பக்கத்திலேயே ஓடு போட்ட சின்ன குவார்ட்டர்ஸ். தெலுங்குக்காரர்கள், எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்கள். ஊரில் யாருக்கும் அவர்களிடம் பெரிய பழக்கமில்லை. கேட் மூடியிருக்கும்போது நின்று, திறந்ததும் போய்விடுவோம், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மழை பொய்த்து இரண்டாம் வருஷம். வானத்தை நம்பி வேர்க்கடலை போடுகிற நிலம் எங்களுடையது. விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது பூக்கவில்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நைனா, அதாவது உன் தாத்தா, இரண்டு மாடுகளையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கயிறுகள் மட்டும் அவர் தோளில் இருந்தன. ஊரில் உடம்பில் தெம்பிருந்த ஆண்களெல்லாம் கட்டட வேலைக்கு என்று மெட்ராஸ் வண்டியேறிவிட்டார்கள். நைனா போகவில்லை. உன் மாமா அப்போது கைக்குழந்தை. அவனையும் என்னையும் அம்மாவோடு தனியே விட்டுப்போக அவருக்கு மனசு வரவில்லை. தினமும் புத்தூர் மார்க்கெட்டுக்கு நடந்து போய் மூட்டை தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்பார். மூட்டையே வராத மார்க்கெட்டில் தூக்குவதற்கு என்ன இருக்கும்? நாங்கள் சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றோம். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றோம். வீட்டு மூலையில் அடுத்த விதைப்புக்கென்று ஒரு மூட்டை விதைக்கடலை இருந்தது. அதன் பக்கம் போகக் கூடாது. பசியோடு அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அந்த நேரத்தில்தான் கங்கம்மா கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் அண்டா வைத்தார். முதலில் தன் வீட்டு அரிசியைப் போட்டிருக்கிறார். பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு காலை வண்டியில் புத்தூர் போய்க் கடை கடையாக நொய்யும் கேழ்வரகும் கேட்டு வாங்கி வந்து காய்ச்சினார். மதியத்தில் மரத்தடியில் வரிசை நிற்கும். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். நாங்கள் மட்டும் போகவில்லை. நைனா போகக்கூடாது என்றுவிட்டார்.

"அடுத்தவங்க ஊத்துறத வாங்கித் துன்ற நெலம நமக்கு இன்னும் வரல" என்றார்.

அம்மா மடியில் இருந்த தம்பியைக் காட்டி, "இதுக்கு வந்துட்சே" என்றாள். அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. தம்பிக்கு அழுவதற்குக்கூடச் சத்தில்லை. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புத்தூருக்குக் கிளம்பிவிட்டார்.

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதே. அவரைப்போல எங்களைத் தூக்கிக் கொஞ்சியவர் யாருமில்லை. ஊரில் யார் வீட்டுக் களத்திலும் முதலில் போய்க் கைகொடுக்கிறவர் அவர்தான். கொடுத்தே பழகிய கை, நீட்டத் தெரியவில்லை. கையை நீட்டிவிட்டால் அப்புறம் தான் யார் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தார். இது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஒன்பது வயதில் பசி மட்டும்தான் புரிந்தது.

அன்று அவர் கிளம்பிப் போன பிறகு அம்மா தண்ணீர் எடுக்க எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். வரிசையில் நின்றேன். கங்கம்மா என் சட்டியில் கஞ்சி ஊற்றினார். கேழ்வரகுக் கஞ்சி, மேலே ஆவி. திரும்பியபோது கேட் மூடியிருந்தது. மணியடித்துக்கொண்டிருந்தது. பாதைக்கு அந்தப் பக்கம், புத்தூர்ச் சாலையில், நைனா நின்றுகொண்டிருந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டார். அவர் என்னைப் பார்த்துவிட்டார். சட்டியையும் பார்த்துவிட்டார்.

நடுவில் கூட்ஸ் வண்டி வந்தது. அவ்வளவு நீளமான வண்டியை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நைனா தெரிவார், மறைவார், தெரிவார். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால் கஞ்சி சிந்திவிடும். நின்றேன். வண்டி போனது, கேட் திறந்தது, அவர் பாதையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டியை என் கையிலிருந்து வாங்கினார். அதைத் திருப்பி அண்டாவில் ஊற்றப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கங்கம்மா கூப்பிட்டார். "அன்னா! மஞ்சி வேளைக்கு வந்தீங்க. இந்த அண்டாவ அடுப்புலருந்து எறக்கணும், ஒரு கை புடிங்க."

தெலுங்கில் அன்னா என்றால் அண்ணன், மஞ்சி என்றால் நல்ல. நைனா திரும்பிப் பார்த்தார். "நானா?" என்றார்.

"மீரேதான், நீங்கதான். இங்க வேற ஆம்பள யாரு இருக்காங்க? எங்க வூட்டாரு கேட்ட வுட்டு நகர முடியாது. அடி புடிக்குது அன்னா, சீக்கிரம்!"

நைனா சட்டியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். துண்டைச் சுருட்டி ஒரு பக்கம் அவர் பிடிக்க, முந்தானையைச் சுருட்டி மறுபக்கம் கங்கம்மா பிடிக்க, அண்டா இறங்கியது. பாரம் முழுக்க நைனா பக்கம்தான். நிமிர்ந்து அவர் வியர்வையைத் துடைத்தபோது கங்கம்மா ஒரு பெரிய சட்டி நிறைய மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் நைனா.

"வேல செஞ்சவங்க வூட்டுக்கு ஒரு சட்டி எடுத்துக்கினு போவணும். இங்க அதான் சட்டம். நாளைக்கும் வாங்க, கிண்ட ஆளில்ல."

கேட் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரர் ஆச்சரியமாக, "எப்போ போட்ட சட்டம்?" என்று கேட்டுவிட்டார். கங்கம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உடனே கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார். விறகு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து விறகு உடைத்தவர்கள், தண்ணீர் மொண்டவர்கள் எல்லோரும் ஒரு சட்டி கூடுதலாக எடுத்துப்போனார்கள். நிஜமாகவே சட்டமாகிவிட்டது.

வீட்டில் அம்மா முன்னால் சட்டியை வைத்து நைனா, "கூலி" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான், "ஆமாம்மா, நைனா வேல செஞ்சாரு" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. குடித்தாள். தம்பிக்கு விரலில் தொட்டு வைத்தாள். அவன் சப்புக்கொட்டிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து நைனா கேட்டுக்குப் போனார். சமையல் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன், முரளி. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கங்கம்மா அந்தப் பக்கம் போனால், இவர் கேட்காரரோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கஞ்சி அடிபிடித்துவிடும். ஊரே கரிந்த வாசனையோடு குடித்தது. பிள்ளைகள் அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அந்த போட்டோ எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் எங்கேயோ கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போகிற வழியில் கேட் மூடியிருந்ததால் வேனிலிருந்து இறங்கினார். அவர் கேமராவைத் தூக்கிக் கண்ணருகில் வைத்த அதே நேரம் கங்கம்மா, "அன்னா, இன்னிக்காவது மாடாம வருமா?" என்றார். மாடுவது என்றால் அவர்கள் தெலுங்கில் கரிவது. நைனா சிரித்துவிட்டார். நீ அந்தச் சிரிப்பைக் கருணை என்று நினைத்திருப்பாய். தான் கஞ்சியைக் கருக்கியதை நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. எனக்கு அதுதான் இன்னும் பிடித்திருக்கிறது. பசித்த வருஷத்தில் அவர் முதல்முதலாகச் சிரித்தது அங்கேதான். ஸ்டுடியோக்காரர் நல்லவர், பஸ் கண்டக்டரிடம் இரண்டு பிரதிகள் கொடுத்தனுப்பினார். ஒன்று எங்களுக்கு, ஒன்று கங்கம்மாவுக்கு.

அடுத்த வருஷம் மழை வந்தது. விதைக்கடலை மூட்டை அப்படியே இருந்ததால் நாங்கள் விதைத்தோம். நன்றாக விளைந்தது. நைனா முதல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் வேறு யாரோ நின்றிருந்தார்கள். மழை வந்த உடனேயே கங்கம்மா வீட்டாருக்கு மாற்றலாகிவிட்டது. நாங்கள் விதைப்பில் இருந்தபோது ஒரு நாள் அவர் ஊருக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனாராம், நாங்கள் வீட்டில் இல்லை. எந்த ஊர் என்று புது ஆளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கூடூர் பக்கம் என்றார். நைனா ஒரு பையில் கடலையைக் கட்டிக்கொண்டு ரேணிகுண்டா போய் வண்டி மாறிக் கூடூர் வரை போனார். அங்கே விசாரித்துக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்தார். பை காலியாக இருந்தது. "வண்டியில பக்கத்துல ஒக்காந்தவங்களுக்குக் குடுத்துட்டேன்" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு விளைச்சலிலும் முதல் படிக் கடலை கேட்டுக்குப் போனது. அங்கே அப்போது யார் வேலையில் இருந்தாலும் அவர்களுக்கு. ஏன் என்று தெரியாமலே எத்தனையோ பேர் வாங்கிக்கொண்டார்கள்.

நீ என் வயிற்றில் இருந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். நைனா உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் விளையாட்டாக, "கேட்டுல அந்தச் சட்டம் எப்பப் போட்டதுன்னு உனக்குத் தெரியுமா நைனா?" என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"தெரியாம இன்னா? நான் பாதையத் தாண்டி வந்தப்புறம் போட்டது" என்றார். இன்னொரு கடலையை உடைத்துக்கொண்டே, "வந்து வாங்கிக்கோன்னு அந்தம்மா சொல்லல பாரு. வந்து புடின்னு சொன்னாங்க. அதனால தான் வீட்டுக்கு வந்து உங்கம்மா மூஞ்சியப் பாக்க முடிஞ்சுது" என்றார்.

புதுசாகக் குடும்பம் நடத்தப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால், இதைத்தான் சொல்வேன். உன் பெண்டாட்டிக்கோ, அவள் வீட்டாருக்கோ, நாளைக்கு உன்னோடு வேலை செய்கிறவருக்கோ ஒரு கஷ்டம் வரும். கையில் இருப்பதைக் கொடுப்பது சுலபம், நீ கொடுத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் அதற்கப்புறமும் உன் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறதா என்று பார். உனக்கே ஒரு கஷ்டம் வந்தால், யாராவது உன்னைக் கூப்பிட்டால், தாத்தா மாதிரி போ. வீம்பு பிடித்துக்கொண்டு பாதைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடாதே. எனக்கும் உன் மாமாவுக்கும் உயிர் கிடைத்தது அவர் பாதையைத் தாண்டி வந்ததால்தான்.

இனி போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கை எங்க அம்மாவோடது என்று எழுதியவரைச் சித்தி மகள் மூலமாகப் பிடித்தேன். பெயர் விஜயா, சூளூர்பேட்டையில் இருக்கிறார். போனில், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. "இருக்காங்க. தோ, டீ குடிச்சிக்கினு இருக்காங்க" என்றார். மறுநாளே உன் அப்பாவும் நானும் பஸ் ஏறிவிட்டோம்.

கங்கம்மா ரொம்பச் சின்னதாகிவிட்டார். முதுகு வளைந்துவிட்டது, பார்வை மங்கல். நான் ஊர்ப் பெயர், கேட், வேப்பமரம் எல்லாம் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் என்னைத் தெரியவில்லை. கடைசியில், "கஞ்சிய அடி புடிக்க வெச்சவரு பொண்ணு" என்றேன். அவ்வளவுதான். "அன்னா பொண்ணா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நைனா கூடூர் வரை தேடிப்போனதைச் சொன்னேன். "அப்ப நாயுடுபேட்டை கேட்டுல இருந்தோமே. இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கக் கூடாதா அன்னா" என்று, அவர் எதிரிலேயே நிற்பதுபோலக் கேட்டார். நைனா காலமானதைச் சொன்னபோது என் கைகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு, இவ்வளவு வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "எங்க நைனாவுக்காக அன்னிக்கு ஒரு சட்டத்தையே உண்டாக்கினீங்க. அவரு மானம் போவக்கூடாதுன்னு தூக்க ஆளில்லன்னு ஒரு சாக்கு சொன்னீங்க. அதுக்கு நாங்க எப்பிடி நன்றி சொல்லப்போறோம்?"

கங்கம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சட்டம் நான் போட்டது தான், அது நிஜம். ஆனா சாக்கு யாரு சொன்னா? எனக்கு நிஜமாவே தூக்க முடியல பாப்பா" என்றார். "அதுக்கு முன்னாடி ரெண்டு தரம் எனக்கு வயித்துல நிக்காம போயிட்சி. அப்பதான் இவ, விஜயா, தரிச்சிருந்தா. யாருக்கும் சொல்லல. பாரம் தூக்கினா இதுவும் தங்காதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. மத்த பொம்பளைங்களுக்குப் பசியில நிக்கவே தெம்பில்ல, அண்டாவ எங்க தூக்குறது? இன்னியோட அண்டாவக் கவுத்துட வேண்டியது தான்னு அன்னிக்குக் காலையிலயே முடிவு பண்ணிட்டேன். அப்பதான் கேட்டு தொறந்து அன்னா வந்தாரு. அன்னா தெனமும் வந்து எறக்கினதால தான் அண்டா நின்னுது, இவளும் நின்னா."

விஜயா கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். என் தம்பியைவிட ஒரு வயதுதான் சின்னவர்.

நைனாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது, முரளி. கடைசிவரை தான் வாங்கியவர் என்றே நினைத்துக்கொண்டு, நன்றியோடு கடலை கொடுத்துக்கொண்டே இருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. நன்றியோடு இருந்த மனுஷன் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதை நான் கூடவே இருந்து பார்த்தேன். ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். ஊருக்குக் கஞ்சி ஊற்றியவர் கங்கம்மா. அவர் ஊற்ற முடிந்தது உன் தாத்தா வந்ததால். திரையில் போடும்போது முழுப் படத்தைப் போடு, கீழே இரண்டு பேரையும் எழுது. எப்படி எழுதுவது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் மாமியாரிடம் நானே பேசிவிட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்குப் புடவை எடுக்கத் தானும் வருகிறேன் என்றார்.

கங்கம்மா கல்யாணத்துக்கு வருகிறார். "கண்ணு தெரியாட்டி இன்னா, பையன் கொரலக் கேக்கறேன்" என்றார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விஜயாவோடு கூடூரில் வண்டி மாறி ரேணிகுண்டாவில் இறங்குவார்கள். அன்றைக்கு உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், டிரைவரை அனுப்புகிறேன் என்பாய். அனுப்பாதே. நீயே போ. படியிலிருந்து அவரைக் கைபிடித்து நீயே இறக்கு. உன் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது, தாத்தா பெயரைச் சொன்னாலும் தெரியாது. தாத்தா பெயரைக் கேட்டுக்கொண்டதே இல்லை என்றார். அவர் கையைப் பிடித்து, "அன்னாவோட பேரன் வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்.

அம்மா